லினக்ஸ் போடப் போறீங்களா? டிஸ்க்கைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுடுங்க!

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. சரி, விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால், டி.பி.எம். 2.0 வேண்டும், ப்ராசஸர் புதிதாக இருக்க வேண்டும் என்று கண்டிஷன் மேல் கண்டிஷன். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய லேப்டாப்பைத் தூக்கிப்போட யாருக்குத்தான் மனசு வரும்? அதனால், இதுவரை லினக்ஸ் பக்கம் தலைவைத்துப் படுக்காத வீடுகளில்கூட 'லினக்ஸ் மின்ட் போட்டுப் பார்க்கலாமா' என்ற பேச்சு அடிபடுகிறது.

போடுவது ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி, லேப்டாப்பில் செருகி, மொழி, கீபோர்டு, வைஃபை பாஸ்வேர்டு என்று வரிசையாகக் கடந்துவிடலாம். பலரும் திகைத்து நிற்கிற இடம் ஒன்றுதான். டிஸ்க்கை எப்படிப் பிரிப்பது?

டெபியன் லினக்ஸின் இன்ஸ்டாலரில் இந்தக் கேள்வி வரி வரியாகவே வந்து நிற்கும். எல்லா ஃபைல்களும் ஒரே பார்ட்டிஷனில் இருக்கலாம். 'ஹோம்' மட்டும் தனி பார்ட்டிஷனாக இருக்கலாம். 'ஹோம்', 'வார்', 'டெம்ப்' மூன்றும் தனித்தனியாக இருக்கலாம். முதல் வரிக்குப் பக்கத்திலேயே 'புதியவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுவது' என்று ஒரு குறிப்பு. சந்தேகம் கிளம்புவதே அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான். புதியவர்களுக்கு ஒன்று என்றால், விவரமானவர்கள் பிரித்துத்தான் போடுகிறார்களோ?

போதாததற்கு, நம் ஊரில் கம்ப்யூட்டர் வாங்கிய காலத்திலிருந்தே காதில் விழுந்துகொண்டிருக்கும் சர்வீஸ் கடை வசனம் ஒன்று உண்டு. "சி டிரைவ்ல விண்டோஸ் இருக்கு. போட்டோ, டாக்குமென்ட் எல்லாத்தையும் டி-ல போட்டு வைங்க சார். சிஸ்டம் படுத்துட்டாலும் டி தப்பிச்சுடும்." இந்த வசனத்தில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிதான் ஆபத்து. அதைப் பிறகு பார்ப்போம்.

லினக்ஸில் சி, டி, இ என்று எழுத்துகள் கிடையாது. எல்லாம் ஒரே மரம். அடியில் 'ரூட்' என்ற வேர். அதிலிருந்து கிளைகளாக ஃபோல்டர்கள். உங்கள் போட்டோ, டாக்குமென்ட், டவுன்லோடு எல்லாம் இருப்பது 'ஹோம்' என்ற கிளையில். லாக் ஃபைல்கள், டேட்டாபேஸ் போன்று வளர்ந்துகொண்டே போகிற சமாசாரங்கள் 'வார்' என்ற கிளையில். தற்காலிக ஃபைல்களுக்கு 'டெம்ப்'. இந்தக் கிளைகளில் எதை வேண்டுமானாலும் டிஸ்க்கில் தனியாக வெட்டிய ஒரு பார்ட்டிஷனில் வைக்கலாம். பயன்படுத்துகிறவருக்கு வித்தியாசமே தெரியாது, அந்தப் பார்ட்டிஷன் நிறைகிற நாள்வரை.

எதற்காகப் பிரித்தார்கள்?

முதல் காரணம், பரிதாபமான காரணம்: இடமில்லை. லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸை 1970-களின் தொடக்கத்தில் பெல் லேப்ஸில் கென் தாம்ப்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் வளர்த்தெடுத்தபோது, பி.டி.பி.-11 கம்ப்யூட்டரில் அவர்களிடம் இருந்த டிஸ்க்குகளின் கொள்ளளவு சில மெகாபைட்டைத் தாண்டவில்லை. இன்று வாட்ஸ்அப்பில் வரும் ஒரு குட்மார்னிங் வீடியோவுக்கே அது போதாது. எல்லாமே ஒரு டிஸ்க்கில் அடங்காததால் இரண்டு டிஸ்க்குகளில் பரப்பி வைத்தார்கள். பயனாளர்களின் ஃபைல்கள் இருந்த 'யூ.எஸ்.ஆர்' ஃபோல்டருக்குள் புரோகிராம்களும் குடியேறின. அந்த ஏற்பாடு தேவை முடிந்த பிறகும் பல பத்தாண்டுகள் அப்படியே நீடித்தது. ஃபெடோரா லினக்ஸ் 2012-ல்தான் வேர்ப்பக்கம் தனியாக இருந்த புரோகிராம் ஃபோல்டர்களை 'யூ.எஸ்.ஆர்'-க்குள் சேர்த்தது. டெபியனில் இது கட்டாயமானது 2023-ல். மாமியார் காலத்தில் அடுப்பு இருந்த மூலையிலேயே கேஸ் அடுப்பையும் வைத்தது போலத்தான்.

இரண்டாவது, 'பூட்' பார்ட்டிஷன். 1990-களின் பயாஸ், ஹார்ட் டிஸ்க்கின் முதல் 1,024 சிலிண்டர்களைத் தாண்டி எட்டிப் பார்க்காது. லினக்ஸின் கெர்னல் அந்த எல்லைக்கு அப்பால் போய் உட்கார்ந்துவிட்டால் கம்ப்யூட்டர் பூட் ஆகாது. அதனால் டிஸ்க்கின் ஆரம்பத்திலேயே சின்னதாக ஒரு துண்டை வெட்டி, கெர்னலை அங்கே வைத்தார்கள்.

மூன்றாவது காரணம் நம் ஊர்க்காரர்களுக்கு உடனே புரியும். கரன்ட் கட். அந்தக் காலத்து 'எக்ஸ்ட்2' ஃபைல் சிஸ்டத்தில் கம்ப்யூட்டர் திடீரென்று அணைந்துவிட்டால், அடுத்த முறை ஆன் செய்யும்போது முழு பார்ட்டிஷனையும் ஒருமுறை சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விடும். டிஸ்க் பெரிதாக ஆக, அந்தக் காத்திருப்பும் நீளும். சில நேரம் ஃபைல்களும் சேதமாகும். சின்னச் சின்னதாகப் பிரித்து வைத்தால் சேதம் ஒரு பகுதியோடு நிற்கும் என்பது கணக்கு. 2001 நவம்பரில் லினக்ஸ் கெர்னலுக்குள் வந்த 'எக்ஸ்ட்3' இந்தத் தலைவலியைப் பெருமளவு தீர்த்தது. செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் பிறகு செய்கிற முறை அது. கரன்ட் போனால் குறிப்பேட்டைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து சரிசெய்துகொள்ளும். இன்று உபுண்டுவும் மின்டும் பயன்படுத்துவது அதன் அடுத்த தலைமுறையான 'எக்ஸ்ட்4'.

ஸ்வாப் கதையும் இதே மாதிரிதான். 'ரேம் எவ்வளவோ, அதைப்போல் இரண்டு மடங்கு ஸ்வாப் பார்ட்டிஷன்' என்ற விதியை இன்னமும் பல பழைய வழிகாட்டிகளில் பார்க்கலாம். உபுண்டு 2017-ல் வந்த 17.04 பதிப்பிலேயே தனி பார்ட்டிஷனை விட்டுவிட்டு, ஸ்வாப்பைச் சாதாரண ஃபைலாக மாற்றிவிட்டது. 'டெம்ப்' விஷயத்தில் டெபியன் இன்னும் ஒரு படி மேலே போய், 2025-ல் வந்த 13-ம் பதிப்பில் அதை ரேமுக்கே கொண்டுபோய்விட்டது. ஆக, வீட்டு லேப்டாப்பில் டெம்புக்கென்று டிஸ்க்கில் தனி இடம் வெட்டுவது இப்போது வேண்டாத வேலை.

அஞ்சறைப்பெட்டி சிக்கல்

பிரித்து வைப்பதில் ஒரு பெரிய சங்கடம் உண்டு. அஞ்சறைப்பெட்டியில் கடுகுக் கிண்ணம் நிறைந்துவிட்டால், வெந்தயக் கிண்ணம் பாதி காலியாகக் கிடந்தாலும் பயன் இல்லை. கிண்ணத்தின் அளவு வாங்கும்போதே முடிவாகிவிட்டது.

லினக்ஸில் இது நிஜமாகவே நடக்கிறது. 'ரூட்டுக்கு 20 ஜி.பி. தாராளம், மீதியை ஹோமுக்குக் கொடுங்கள்' என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். அன்றைக்கு அது சரியான ஆலோசனைதான். ஆனால் இன்று ஃப்ளாட்பேக், ஸ்னாப் வழியாக நிறுவும் ஆப்கள் எல்லாம் ஹோமில் உட்காருவதில்லை. 'வார்' ஃபோல்டருக்குள், அதாவது ரூட் பக்கம்தான் போய்ச் சேருகின்றன. அவற்றுக்குத் தேவையான துணைக் கோப்புகளே சில நூறு எம்.பி. பிடிக்கும். டாக்கர் பயன்படுத்தும் கல்லூரி மாணவர் என்றால் சொல்லவே வேண்டாம். லினக்ஸ் மின்டில் உள்ள டைம்ஷிஃப்ட் என்ற வசதி எடுக்கும் சிஸ்டம் நகல்களையும் வேறு இடம் காட்டாவிட்டால் அங்கேயே அடுக்கிவிடுவோம். 20 ஜி.பி. எந்த மூலைக்கு? ரூட் நிறைந்துவிட்டால் அப்டேட் பாதியில் நிற்கும். பாஸ்வேர்டு சரியாகப் போட்டும் உள்ளே போகாமல் லாகின் திரையே திரும்பத் திரும்ப வரும். ஹோமில் 300 ஜி.பி. சும்மா கிடக்கும்.

இதை ஒப்புக்கொண்டு வழியை மாற்றிய பெரிய உதாரணம் ஃபெடோரா. அதன் இன்ஸ்டாலர் பல வருடங்களாக ரூட்டுக்கு ஒரு வரம்பு வரை மட்டும் இடம் கொடுத்துவிட்டு, மீதியைத் தனி ஹோமாக ஆக்கி வந்தது. ஒரு பக்கம் இடம் தீர்ந்து மறுபக்கம் காலியாகக் கிடக்கும் பிரச்னை பயனாளர்களைத் தொடர்ந்து படுத்தியது. 2020 அக்டோபரில் வந்த ஃபெடோரா 33-ல் டெஸ்க்டாப் பதிப்புகளுக்கு 'பி.டி.ஆர்.எஃப்.எஸ்' என்ற ஃபைல் சிஸ்டத்தைக் கொண்டுவந்தார்கள். பலர் இதை 'பட்டர் எஃப்.எஸ்.' என்றே கூப்பிடுகிறார்கள், வாய்க்கு அதுதான் வழுக்கிக்கொண்டு வருகிறது. அதில் ரூட்டும் ஹோமும் தனித்தனி 'சப்வால்யூம்'கள். ஆனால் இரண்டுக்கும் இடம் ஒரே பொதுக் கணக்கிலிருந்து போகிறது. ஒரே பெரிய டப்பாவுக்குள் கடுகும் வெந்தயமும் தனித்தனிப் பொட்டலமாக இருப்பது போல. எது எவ்வளவு வளர்ந்தாலும் டப்பா நிறையும்வரை கவலை இல்லை. லினக்ஸைத் திரும்பப் போட வேண்டுமானால் ரூட் பொட்டலத்தை மட்டும் எடுத்துவிட்டு, ஹோமை அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

ஏற்கெனவே பிரித்து வைத்தவர்கள் பிறகு அளவை மாற்றிக்கொள்ள முடியாதா? முடியும், ஆனால் லேசான வேலை இல்லை. எக்ஸ்ட்4 பார்ட்டிஷனைச் சுருக்க வேண்டுமானால் அது பயன்பாட்டில் இருக்கக் கூடாது. எக்ஸ்.எஃப்.எஸ். என்றால் சுருக்குவது நடைமுறையில் முடியாத காரியம், பெரிதாக்கத்தான் முடியும்.

உங்கள் கையில் இருக்கும் லினக்ஸ்

'நமக்கும் லினக்ஸுக்கும் என்ன சம்பந்தம்' என்று நினைப்பவர்கள் இதை ஆண்ட்ராய்டு போனில் படித்துக்கொண்டிருந்தால், சம்பந்தம் கையிலேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டின் அடித்தளம் லினக்ஸ் கெர்னல். டிஸ்க்கைப் பிரிக்கலாமா வேண்டாமா என்ற இதே கேள்வியில் ஆண்ட்ராய்டும் அடிபட்டுத்தான் தேறியிருக்கிறது.

2008-ல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனான டி-மொபைல் ஜி1-ன் உள் நினைவகம் 256 எம்.பி. அதற்குள்தான் சிஸ்டம், அதற்குள்தான் ஆப்கள். அதன் பிறகு வந்த போன்களில் ஜி.பி. கணக்கில் இடம் இருந்தாலும், ஆப்களுக்கு ஒரு துண்டு, போட்டோ, பாட்டுக்கு ஒரு துண்டு என்று வெட்டியே கொடுத்தார்கள். 2012, 2013 வாக்கில் பட்ஜெட் ஆண்ட்ராய்டு போன் வைத்திருந்தவர்கள் அந்த எரிச்சலை மறந்திருக்க மாட்டார்கள். போனில் 2 ஜி.பி. காலியாக இருப்பதாகக் காட்டும். ஒரு சின்ன ஆப்பை இன்ஸ்டால் செய்தால் 'போதிய இடம் இல்லை' என்று வரும். கேம்களை அழி, ஆப்பை எஸ்.டி. கார்டுக்கு மாற்று என்று வீட்டுப் பிள்ளைகள் பட்ட பாடு கொஞ்சமா? 2011 கடைசியில் கேலக்ஸி நெக்ஸஸ் போனோடு வந்த ஆண்ட்ராய்டு 4.0-ல் கூகுள் இந்தச் சுவரை இடித்தது. ஆப்களும் போட்டோக்களும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொண்டன. இந்த ஏற்பாடு மற்ற போன்களுக்குப் பரவப் பரவ, அந்த அறிவிப்பின் தொல்லை குறைந்தது.

ஆனால், எல்லாச் சுவர்களையும் கூகுள் இடித்துவிடவில்லை. சிஸ்டம் ஒரு பார்ட்டிஷன், உங்கள் டேட்டா இன்னொரு பார்ட்டிஷன் என்ற பிரிவு இன்றும் இருக்கிறது. சிஸ்டம் பகுதியில் எந்த ஆப்பும் எழுத முடியாது. அப்டேட் வரும்போது சிஸ்டம் மாறும், போட்டோ மாறாது. 'ஃபேக்டரி ரீசெட்' கொடுத்தால் டேட்டா அழியும், சிஸ்டம் அழியாது. 2016-ல் வந்த ஆண்ட்ராய்டு 7-ல் சிஸ்டம் பகுதியையே இரண்டு பிரதிகளாக வைக்கும் வசதி வந்தது. நீங்கள் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே மற்றொன்றில் அப்டேட் ஏறிவிடும். ரீஸ்டார்ட் ஆகும்போது ஏதாவது கோளாறு என்றால், பழைய பிரதிக்கே திரும்பிவிடலாம். சிஸ்டம் வருடா வருடம் பெருத்துக்கொண்டே போக, ஃபேக்டரியில் வெட்டிய துண்டின் அளவு மட்டும் மாறாமல் இருந்தது இன்னொரு தொல்லை. 2019-ல் வந்த ஆண்ட்ராய்டு 10 அதற்கும் ஒரு வழி செய்தது. சிஸ்டத்தின் பகுதிகளை ஒரு பெரிய பார்ட்டிஷனுக்குள் வைத்து, அவற்றின் அளவைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் முறை.

ஃபெடோராவும் ஆண்ட்ராய்டும் வேறு வேறு பாதையில் வந்து ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்பதைக் கவனியுங்கள். இடத்தைப் பங்கு போடுவதற்காகச் சுவர் எழுப்புவது வீண். அடிக்கடி அழித்து எழுதப்போவதையும் காலத்துக்கும் வைத்திருக்க வேண்டியதையும் தனித்தனியாக வைப்பதில் மட்டும் இன்னமும் அர்த்தம் இருக்கிறது.

அப்படியானால் வீட்டு லேப்டாப்பில்?

வீட்டு உபயோகத்துக்கு, 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. இருக்கும் லேப்டாப் என்றால், இன்ஸ்டாலர் தானாகச் செய்வதை அப்படியே விட்டுவிடுவதே நல்லது. பூட் ஆவதற்குத் தேவையான சின்ன ஈ.எஃப்.ஐ. பார்ட்டிஷனை அதுவே உருவாக்கிக்கொள்ளும். மீதி எல்லாம் ஒரே பார்ட்டிஷன். 'படம் டவுன்லோடு செய்தே டிஸ்க்கை நிரப்பிவிட்டால் சிஸ்டம் படுத்துவிடாதா' என்ற பயத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது. எக்ஸ்ட்4-ஐ உருவாக்கும்போதே 5 சதவிகித இடம் சிஸ்டத்தின் சொந்தத் தேவைக்கென்று ஒதுக்கப்பட்டுவிடும். 500 ஜி.பி. டிஸ்க்கில் அது 25 ஜி.பி. சாதாரணப் பயனாளர் அதைத் தொட முடியாது.

தனி ஹோம் யாருக்கு? ஆறு மாதத்துக்கு ஒருமுறை உபுண்டு, மின்ட், ஃபெடோரா என்று மாற்றிப் பார்த்துக்கொண்டே இருப்பவர்களுக்கு. அவர்களுக்கு இது நிஜமாகவே நேரத்தை மிச்சப்படுத்தும். திரும்ப இன்ஸ்டால் செய்யும்போது ஹோம் பார்ட்டிஷனைச் சுட்டிக்காட்டி, 'ஃபார்மேட்' என்ற கட்டத்தில் மட்டும் டிக் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். ரூட்டுக்கு 60 ஜி.பி.-க்குக் குறையாமல் கொடுத்துவிடுங்கள். பழைய ஹோமில் பழைய செட்டிங்ஸ் ஃபைல்களும் மறைந்து கிடக்கும் என்பதால், புதிய லினக்ஸில் சில ஆப்கள் கொஞ்சம் விநோதமாக நடந்துகொள்ளலாம். அதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

இதில் குடும்பக் கம்ப்யூட்டர்களுக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. லினக்ஸ் ஒரு ஃபைல் யாருடையது என்பதைப் பெயரை வைத்து நினைவு வைப்பதில்லை. எண்ணை வைத்துத்தான். உபுண்டு, டெபியன், ஃபெடோரா மூன்றிலும் முதலில் உருவாக்கும் பயனாளருக்கு 1000, அடுத்தவருக்கு 1001. அப்பா முதலில், மகள் இரண்டாவது என்று பழைய சிஸ்டத்தில் இருந்திருக்கிறது. புதிதாகப் போடும்போது மகளே உட்கார்ந்து போட்டதால் தன் பெயரை முதலில் கொடுத்துவிடுகிறார். அவ்வளவுதான், மகளின் புராஜெக்ட் ஃபைல்கள் அப்பாவுடையதாகிவிடும், அப்பாவின் வங்கிக் கணக்கு விவரங்கள் மகளுடையதாகிவிடும். தன் ஃபைலைத் தானே திறக்க முடியாமல் இருவரும் விழிப்பார்கள். எதுவும் தொலைந்திருக்காது, உரிமையாளர் எண்ணை மாற்றிச் சரிசெய்துவிடலாம். ஆனாலும் பழைய வரிசையிலேயே பயனாளர்களை உருவாக்கினால் இந்த வம்பே வராது.

விண்டோஸையும் வைத்துக்கொண்டு பக்கத்தில் லினக்ஸையும் போடுகிறவர்களுக்குப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் அப்படி விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் ஒரே டிஸ்க்கில் குடியிருந்த லேப்டாப்கள் நிறைய மாணவர்கள் கைக்குப் போயின. அந்த பாஸ் லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதுதான். இப்படி இரண்டையும் வைத்திருப்பவர்கள், விண்டோஸ் பார்ட்டிஷனை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே சுருக்குவது பாதுகாப்பு. பிட்லாக்கர் போட்டிருந்தால் ரெக்கவரி கீயை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' ஆனில் இருந்தால், ஷட்டவுன் செய்தாலும் அது முழுதாக அணைவதில்லை. அந்த நிலையில் விண்டோஸ் பார்ட்டிஷனுக்குள் எழுத லினக்ஸ் மறுத்துவிடும். அதை ஆஃப் செய்துவிட வேண்டும்.

சர்வர்கள் கதை வேறு. ஒரு நிறுவனத்தின் சர்வரில் ஏதோ கோளாறில் லாக் ஃபைல் நிற்காமல் எழுதிக்கொண்டே போனால், இரவோடு இரவாக டிஸ்க் நிறைந்து டேட்டாபேஸ் நின்றுவிடும். அங்கே லாக்குக்குத் தனிச் சுவர் எழுப்புவது அவசியம். டெம்ப், வார், லாக் ஆகியவற்றைத் தனித்தனியாக வைக்கச் சொல்லும் சி.ஐ.எஸ். பாதுகாப்பு வழிகாட்டிகளும் இருக்கின்றன. டெம்ப் தனியாக இருந்தால், 'இங்கே இருக்கும் எந்த ஃபைலையும் புரோகிராமாக ஓடவிடாதே' என்று அந்தப் பகுதிக்கு மட்டும் தடை போடலாம். இந்த வழிகாட்டிகளைப் படித்துவிட்டு, வீட்டில் சினிமா பார்க்கும் லேப்டாப்பை எட்டுத் துண்டாக வெட்டுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

டி டிரைவ் தப்பிக்குமா?

இப்போது அந்தச் சர்வீஸ் கடை வசனத்துக்கு வருவோம். விண்டோஸ் கெட்டுப்போனால் சி-யை மட்டும் ஃபார்மேட் செய்யலாம், டி அப்படியே இருக்கும் என்பது சரி. அதே நம்பிக்கையோடு லினக்ஸ் இன்ஸ்டாலருக்கு வருகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். 'டிஸ்க்கை அழித்துவிட்டு லினக்ஸ் மின்டை நிறுவு' என்ற பொருளில் ஒரு தேர்வு அதில் இருக்கும். 'போட்டோ எல்லாம் டி-ல தானே இருக்கு' என்று அதை அழுத்தினால், அழிவது சி மட்டும் இல்லை. டிஸ்க் என்றால் மொத்த டிஸ்க். டி, இ என்று அதில் வெட்டி வைத்த எல்லாமும் போய்விடும்.

பழைய ஹார்ட் டிஸ்க் என்றால், உடனே நிறுத்திவிட்டு ஃபோட்டோரெக் போன்ற மென்பொருளை ஓடவிட்டு ஓரளவு மீட்கலாம். எஸ்.எஸ்.டி.-யில் அந்த வாய்ப்பும் குறைவு. எக்ஸ்ட்4 பார்ட்டிஷனை உருவாக்கும்போதே, 'இந்த இடமெல்லாம் இனி காலி' என்று எஸ்.எஸ்.டி.-க்குத் தகவல் போய்விடும். அது பழைய டேட்டாவை உள்ளுக்குள்ளேயே துடைத்துவிடும். பிள்ளையின் முதல் பிறந்தநாள் போட்டோ, இறந்துபோன தாத்தாவின் குரல் இருக்கும் வீடியோ, முடிக்கப்போகும் பிஹெச்.டி. ஆய்வேடு, எதுவாக இருந்தாலும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

தனி ஹோம் பார்ட்டிஷனுக்கும் இதே கதிதான். ஹார்ட் டிஸ்க்கில் பார்ட்டிஷன் என்பது தட்டின் ஒரு வளையப் பகுதியாகவாவது இருந்தது. எஸ்.எஸ்.டி.-யில் அதுகூட இல்லை. எல்லா செல்களும் சமமாகத் தேய வேண்டும் என்பதற்காக, உள்ளே இருக்கும் கன்ட்ரோலர் எந்த டேட்டாவையும் எந்த மூலையிலும் எழுதும். ரூட், ஹோம் என்ற சுவர்கள் எல்லாம் காகிதத்தில் போட்ட கோடுகள். அந்த ஒரு சிப் போனால் எல்லாம் சேர்ந்தே போகும். லேப்டாப் திருட்டுப் போனாலும், டீ கொட்டிவிட்டாலும் அப்படித்தான். டைம்ஷிஃப்ட் காப்பாற்றும் என்றும் இருந்துவிடாதீர்கள். அது சிஸ்டம் ஃபைல்களைத்தான் நகல் எடுக்கும். நாமாகச் சொன்னால் ஒழிய ஹோமைத் தொடாது.

ஆகவே, இன்ஸ்டாலரைத் திறப்பதற்கு முன் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் எல்லாவற்றையும் காப்பி எடுங்கள். எடுத்ததை இன்னொரு கம்ப்யூட்டரில் செருகி, நாலைந்து போட்டோக்களையாவது திறந்து பாருங்கள். அதன் பிறகு அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிட்டுத்தான் இன்ஸ்டாலுக்கு உட்கார வேண்டும். செருகியே வைத்திருந்தால், டிஸ்க்குகளின் பட்டியலில் அதுவும் வரும். அவசரத்தில் அதையே தேர்ந்தெடுக்க எவ்வளவு நேரம் ஆகும்?

ஏற்கெனவே பிரித்துப் போட்டு, ரூட் நிறைந்து தவிப்பவர்கள் எடுத்தவுடன் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியதில்லை. 'டிஸ்க் யூசேஜ் அனலைசர்' என்ற ஆப்பைத் திறந்தால், எந்த ஃபோல்டர் இடத்தைத் தின்கிறது என்று வட்டப் படமாகக் காட்டும். பெரும்பாலும் பழைய கெர்னல்கள், பயன்படுத்தாத ஃப்ளாட்பேக் கோப்புகள், டைம்ஷிஃப்ட் நகல்கள் இவற்றில்தான் குற்றவாளி சிக்கும். அவற்றை அகற்றியும் தேறவில்லை என்றால், காப்பி எடுத்துவிட்டு, பென் டிரைவிலிருந்து லினக்ஸை பூட் செய்து, ஜிபார்ட்டட் மூலம் ஹோமைச் சுருக்கி ரூட்டைப் பெரிதாக்கலாம். பெரிய ஹார்ட் டிஸ்க்கில் இது சில மணி நேரம்கூட இழுக்கும். நடுவில் கரன்ட் போனால் டேட்டாவுக்கு உத்தரவாதம் இல்லை. பேட்டரி செத்துப்போன பழைய லேப்டாப் என்றால், யு.பி.எஸ். இருக்கும் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்ச் செய்யுங்கள்.